தண்ணியில்லாக் காட்டிலிருந்து ஒரு மடல்

எத்தியோப்பியாவின் டனாகில் பாலைக்குப் போகப் பை கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியிலிருந்து எழுதுகிறேன். உங்களில் சிலர் எனக்குப் போன் செய்திருக்கிறீர்கள். எத்தியோப்பியாவில் வாத்தியார் வேலை பார்த்தவன் என்று யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். “சார், எரிமலைக்கு எத்தனை மணிக்கு ஏறணும்? ட்ரோன் விடுவாங்களா? நாலு பேருக்கு வண்டி என்ன ரேட்டு வரும்?” என்று கேட்டீர்கள். தெரிந்த மட்டும் சொன்னேன். “அங்க இருக்கிற சனங்க யாரு சார்?” என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. போனை வைத்த பிறகும் அது நெஞ்சில் நெருஞ்சிமுள் மாதிரி தைத்துக்கொண்டே இருந்தது.

அப்புறம், போய்விட்டு வந்த ஒரு தம்பியின் வீடியோவைப் பார்த்தேன். கேமரா நன்றாக வேலை செய்திருக்கிறது. மஞ்சளும் பச்சையுமாகக் கொதிக்கும் அமிலக் குட்டைகள், வெள்ளை உப்புவெளி, இரவில் சிவந்து புகையும் மலை. தலைப்பு மட்டும் ‘நரகம்’. இருபது நிமிடப் படத்தில் அந்த நிலத்துக்காரர்கள் நாலு இடத்தில் வருகிறார்கள். நான்கிலும் முதுகு. ஒருவருக்கும் பேர் இல்லை, பேச்சு இல்லை. அந்தத் தம்பியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அதே தப்பை அவருக்கு முன்னால் நானும் செய்தவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், ‘நரகம்’ என்ற சொல் எனக்கு ஏன் சுடுகிறது என்று கேளுங்கள். நான் பிறந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசும்போது காதில் விழும் வார்த்தை ‘தண்ணியில்லாக் காடு’. அதிகாரிகளை மிரட்டும் சினிமா வசனத்திலும் அதுதான் வரும். கம்பம் பள்ளத்தாக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளைந்து பச்சையாகக் கிடக்கும். ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் நாங்கள் வானத்தைப் பார்த்து மானாவாரி விதைப்போம். 1959-ல் திறந்த வைகை அணை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊர்கள் முங்கி நின்ற தண்ணீர் அது. ஆனாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த வருஷங்கள் எங்களுக்கு உண்டு. பெண் கேட்டுப் போனால், “அந்தத் தண்ணியில்லாக் காட்டுக்கா?” என்று முகம் சுளித்த வீடுகளும் உண்டு. அந்தக் காட்டில்தான் சோளமும் எள்ளும் விளைந்தன, தறிகள் ஓடின, நாங்கள் படித்தோம், கல்யாணம் செய்தோம், செத்தவர்களைப் புதைத்தோம். வெளியூர்க்காரனுக்குத் தண்டனையாகத் தெரிந்த இடம் எங்களுக்கு வீடு.

டனாகிலும் அப்படித்தான். அது அஃபார் மக்களின் வீடு.

அந்த வீட்டுக்கு ‘நரகம்’ என்று பேர் வைத்த முதல் ஆளும் அந்தத் தம்பி இல்லை. 1928-ல் லுடோவிகோ நெஸ்பிட் என்பவர் இரண்டு இத்தாலியத் தோழர்களோடு அந்தப் பாலையைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தார். அவருடைய பயண நூல் அமெரிக்காவில் வெளிவந்தபோது அட்டையிலேயே ‘படைப்பின் நரகக்குழி’ என்ற பொருளில் தலைப்பு. அப்புறம் வந்த பத்திரிகைகள் ‘உலகிலேயே கொடூரமான இடம்’ என்று பட்டம் கட்டின. நூறு வருஷமாக ஒரே தலைப்பு கைமாறி வருகிறது. கேமரா மட்டும்தான் புதுசு.

வெயில் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாலையில் இருக்கிற டல்லோலில் 1960 முதல் 1966 வரை அளந்து வைத்த கணக்கில், இரவும் பகலும் மார்கழியும் சித்திரையும் எல்லாம் சேர்த்த சராசரியே 34 டிகிரியைத் தாண்டுகிறது. கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிற பள்ளம் அது. பூமியின் மேலோடு மூன்று திசையில் பிய்ந்து விலகும் இடமும் அதுதான். 2005 செப்டம்பரில் தப்பாகு எரிமலைப் பக்கம் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் விரிசல் விட்டது. இதெல்லாம் உண்மை. இதே அஃபார் நிலத்தில்தான், ஹடார் என்ற இடத்தில், 1974-ல் ‘லூசி’யின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். சுமார் 32 லட்சம் வருஷத்துக்கு முன்னால் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்த ஒரு பெண். நரகம் என்று கைகாட்டுவது நம் எல்லோருக்கும் பாட்டி ஊர்.

நம் தமிழ் மரபும் உங்களுக்குத் துணைக்கு வராது. பாலையைச் சங்கப் புலவர்கள் ஆளில்லாத பொட்டல் என்று விட்டுவிடவில்லை. அதற்கு எயினர் என்று குடிகளைச் சொன்னார்கள், கொற்றவை என்று தெய்வத்தைச் சொன்னார்கள், ஓமை மரத்தையும் செந்நாயையும் பருந்தையும் பேர் சொல்லி வைத்தார்கள். அந்தச் சுரத்தின் வழியே உப்பு வண்டி ஓட்டிப்போன உமணர் கூட்டத்தையும் பாடினார்கள். அந்த உமணரை நான் ஏட்டில் படித்தேன், ஹமெத் எலாவில் நேரில் பார்த்தேன்.

ஹமெத் எலா உப்புவெளியின் ஓரத்தில் இருக்கிற சின்னக் குடியிருப்பு. நான் மெக்கெலே நகரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து கிளம்பிப்போன பல விரிவுரையாளர்களில் நானும் ஒருவன். 2014 ஜனவரியில் சக ஆசிரியர்கள் ஐந்து பேராகச் சேர்ந்து வண்டி பேசினோம். மேட்டுநிலத்திலிருந்து இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினோம், சட்டைப் பொத்தானைக் கழற்றினோம், கடைசியில் பேச்சையும் விட்டோம். மறுநாள் காலை உப்புவெளிக்குப் போனால், நூறு ஒட்டகம் மண்டியிட்டுக் காத்திருக்கிறது. கம்பை உப்புப் பாளத்துக்கு அடியில் கொடுத்து நாலு பேர் நெம்புகிறார்கள். பாளம் பெயர்ந்து வருகிறது. இன்னொருவர் குந்தி உட்கார்ந்து, கைவாச்சியால் அதை ஒரே அளவுக் கட்டிகளாகச் செதுக்குகிறார். அளவுகோல் கிடையாது, கண்தான். ‘அமோலே’ என்ற பேரில் இந்த உப்புக்கட்டி எத்தியோப்பியாவில் பல நூற்றாண்டு காலம் காசாகவே ஓடியிருக்கிறது. கட்டிகளை ஒட்டகத்தில் ஏற்றி, பெராஹிலே சந்தைக்கு நடந்துபோனார்கள். லாரி வந்துவிட்ட பிறகும் அப்போது ஒட்டகம் முழுசாக நின்றிருக்கவில்லை.

நான் சொன்ன தப்பு அங்கே நடந்தது. செதுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு எதிரில் போய், முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கேமராவை நீட்டினேன். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர் வாச்சியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, திட்டவில்லை. மெதுவாகத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேலையைத் தொடர்ந்தார். அந்த முதுகுப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் அந்தத் தம்பியின் வீடியோவில் நாலு முதுகைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கியது. படம் எடுத்தவருக்கு அது பின்னணிக் காட்சி. திரும்பி உட்கார்ந்தவருக்கு அது பதில்.

அன்று சாயங்காலம் எங்கள் வழிகாட்டியான அஃபார் இளைஞர், எதிரே ஒட்டகத்தோடு வந்த ஒருவரைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். இருவரும் கை கொடுத்து, நிழல்கூட இல்லாத இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பேச, மற்றவர் குறுக்கே பேசாமல் ‘ம்’ கொட்டினார். பிறகு மாற்றிப் பேசினார்கள். கால்மணி நேரம் ஆனது. எங்களில் ஒருவர் ஹாரன் அடித்தார். வழிகாட்டி திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த ஹாரன் அடிக்கவில்லை.

அதற்குப் பேர் ‘டாகு’ என்று பிறகு சொன்னார். வழியில் இரண்டு அஃபார்கள் சந்தித்தால் செய்தி கைமாற வேண்டும். எங்கே மழை விழுந்தது, எந்தப் பள்ளத்தில் புல் இருக்கிறது, யாருடைய ஆடு காணாமல் போனது, எந்த அந்நியன் எந்தப் பக்கம் போகிறான், எங்கே சண்டை. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. கண்ணால் பார்த்ததைப் பார்த்ததாகவும், காதால் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்ல வேண்டும். பொய்ச் செய்தி பரப்புவது அவர்கள் வழக்கத்தில் குற்றம். காரணம் எளிது. “அந்தப் பள்ளத்தில் தண்ணீர் இருக்கிறது” என்று ஒருவன் பொய் சொன்னால், நம்பிப்போன குடும்பமும் ஆடும் சாகும்.

இது எனக்குப் புதுசாகப் படவில்லை. வருசநாட்டுப் பக்கம் மலைமாடு ஓட்டுகிறவர்கள் எதிரும் புதிருமாகச் சந்தித்தால் இப்படித்தான் நின்று பேசுவார்கள். “மேக்க மழ உண்டா? ஓடையில தண்ணி கெடக்கா?” என்பார்கள். மேய்ச்சலுக்குக் காடு கிடைக்குமா கிடைக்காதா என்று கோர்ட்டு உத்தரவுகளுக்கும் புலிகள் காப்பக எல்லைக்கும் நடுவே அவர்கள் முழித்துக்கொண்டிருக்கிற இந்தக் காலத்திலும், பேச்சு மழையில்தான் ஆரம்பிக்கும். வறண்ட நிலத்தில் செய்தியும் தண்ணீர் மாதிரி. கலக்கினவனை ஊர் மன்னிக்காது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அஃபார் நிலத்தில் சில இடங்களில் தரைக்கடியிலிருந்து எரிமலைச் சூட்டில் நீராவி புஸ்ஸென்று கிளம்பும். சுற்றுலா போனவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். அஃபார் மக்களோ, அந்த வாய்க்கு மேலே கல்லைக் குவித்து மூடி, ஆவியைக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாக வடியவிட்டுத் தண்ணீர் பிடிக்கிறார்கள். ‘போயினா’ என்கிறார்கள். மனுசனும் குடிக்கலாம், ஆடும் குடிக்கலாம். நெருப்பு மலையிலிருந்து குடிதண்ணீர். வைகை மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிய எங்கள் அம்மாக்கள் பார்த்திருந்தால், அந்தக் கல்குவியலைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அந்தத் தம்பியின் வீடியோவில் அது ‘புகை வரும் கல்’ என்று இரண்டு விநாடி வந்து போகிறது.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்கலாம். கோபம்தான். 2025 நவம்பர் 23-ஆம் தேதி அஃபார் பகுதியில் ஹைலி குப்பி என்ற எரிமலை வெடித்தது. எழுத்தில் பதிந்த வரலாற்றில் அது அதற்குமுன் வெடித்ததாகக் கணக்கு இல்லை. சாம்பல் மேகம் செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக மறுநாளே வட இந்தியா வரைக்கும் வந்தது. விமானங்கள் ரத்து. நம் தொலைக்காட்சிகளில் இரண்டு நாள் அதுதான் பேச்சு. எந்த விமானம் தாமதம், டெல்லிக் காற்றுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் அலசினார்கள். அந்தச் சாம்பல் முதலில் விழுந்தது அஃப்டேரா பக்கத்துக் கிராமங்களில். ஆடுமாடு மேய்கிற புல்லின் மேல். புல்லே போனால் அந்தக் குடும்பம் எதைத் தின்னும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? ‘ஆளில்லாப் பாலை’ என்று பலமுறை கேட்டுப் பழகிய காதுக்கு, அங்கே ஆள் இருப்பது செய்தியாகப் படவில்லை. நீங்கள் வைக்கும் தலைப்பு சும்மா அலங்காரம் இல்லை தம்பி. ஆபத்து வரும் நாளில் யாருக்காக உலகம் பதறும் என்பதை அது தீர்மானிக்கிறது.

அந்த நிலத்தை ஆளில்லாத இடமாக நினைப்பதில் உங்களுக்கும் ஆபத்து இருக்கிறது. இதை எங்கள் மாவட்டம் ஆறாத காயமாக வைத்திருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கமிருந்தும் மலையேற வந்த இளம்பிள்ளைகள் சிக்கிக்கொண்டார்கள். அங்கேயும் ஆஸ்பத்திரிகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் வயசுப் பிள்ளைகள். யார் மேல் தப்பு என்று கிளறுவதற்கு இதைச் சொல்லவில்லை. தீ என்று தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். வெந்துபோன உடம்புகளைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் அவர்கள். மாசி பங்குனியில் அந்த மலையில் வளரும் போதைப்புல் எப்படிக் காய்ந்து கிடக்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது அங்கே மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். மலைக்குப் போகும் முன்னால் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் நம் மலையேற்றத்தில் இன்னும் வரவில்லை என்பதே என் ஆற்றாமை.

டனாகிலிலும் கேட்டுத்தான் கால் வைக்க வேண்டும். டல்லோலில் உப்புப் பொருக்கு சில இடங்களில் கட்டாந்தரை மாதிரி தெரியும். கால் வைத்தால் உடைந்து, கீழே கொதிக்கிற அமிலம். குட்டைகளைச் சுற்றிச் செத்துக் கிடக்கும் பறவைகளை நீங்களே பார்ப்பீர்கள். தாழ்வான இடத்தில் நச்சுக்காற்று தங்கும். எர்ட்டா ஆலே எரிமலையின் வாய் விளிம்பும் அப்படித்தான், காற்று திரும்பினால் கந்தகப் புகை நெஞ்சை அடைக்கும். 2017-ல் அந்த மலை பக்கவாட்டில் வெடித்துக் குழம்பு வழிந்த பிறகு, நான் பார்த்த எர்ட்டா ஆலே இன்று இல்லை. 2012 ஜனவரியில் அதே மலையில் ஐந்து வெளிநாட்டுப் பயணிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 2020 நவம்பர் முதல் இரண்டு வருஷம் பக்கத்து டிக்ராய் மாநிலத்தில் போர். நான் பாடம் நடத்திய மெக்கெலேயைப் போர் மிதித்துவிட்டுப் போனது. இந்த நிலத்தில் பழைய வீடியோவைப் பார்த்து வழி போட முடியாது. இன்றைக்குக் காற்று எப்படி, மலை எப்படி, பாதையில் யார் என்று இன்றைக்கு அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். அவருக்கு அது டாகுவில் வந்த செய்தி. அவர் “இன்னைக்கு வேண்டாம்” என்றால், அவர் சொல்வது டிக்கெட் பணத்தைவிடப் பெரிசு.

அதனால் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள். வறண்ட நிலத்தைப் பார்க்க வருகிறவன் இல்லாவிட்டால் அங்கே வண்டி ஓட்டுபவருக்கும் சமைப்பவருக்கும் ஒட்டகம் விடுபவருக்கும் கூலி இல்லை. கார்த்திகையிலிருந்து மாசிக்குள் போங்கள், வெயில் கொஞ்சம் தாழும். போய்ச் சேர்ந்ததும் மூன்று காரியம் செய்யுங்கள்.

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு முதலில் கை கொடுங்கள். பேரைக் கேளுங்கள், உங்கள் பேரைச் சொல்லுங்கள். “எந்த ஊர்?” என்று கேட்டால் ‘இந்தியா’ என்று முடித்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் மழை எப்படி என்று சொல்லுங்கள். அதுதான் அங்கே மரியாதை. பிறகு படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். ‘இல்லை’ என்று தலையாட்டினால் அது முழுப் பதில், கையில் நோட்டைத் திணித்து அதை மாற்றப் பார்க்காதீர்கள்.

வழிகாட்டி கால் வைத்த இடத்தில் கால் வையுங்கள். அவர் நிற்கச் சொன்னால் நில்லுங்கள், வழியில் அவர் உட்கார்ந்து பேசினால் ஹாரன் அடிக்காதீர்கள். அந்தக் கால்மணி நேரம் உங்கள் உயிருக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, இந்த மடலையே எதற்காக எழுதினேனோ அது. திரும்பி வந்ததும் டாகு சொல்லுங்கள். பார்த்ததைப் பார்த்ததாக, கேட்டதைக் கேட்டதாக. அமிலக்குட்டையின் நிறத்தைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு அந்தக் கைவாச்சியையும் காட்டுங்கள், பிடித்த கைக்கு உரியவரின் பேரோடு, அவர் சம்மதத்தோடு. ‘நரகம்’ என்ற தலைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். நீங்கள் அங்கே இருந்தது மூன்று ராத்திரி. அவர்கள் பிள்ளை பெற்று வளர்க்கிற இடத்துக்குப் பேர் வைக்க மூன்று ராத்திரி போதாது.

ஊருக்கு வந்தபிறகு முடிந்தால் ஆண்டிபட்டிக்கு ஒரு நடை வாருங்கள். மதுரையிலிருந்து இப்போது அகல ரயிலே வருகிறது, கணவாயைத் தாண்டினால் எங்கள் ஊர். எவ்வளவு வெயில், எவ்வளவு வியூஸ் என்று கேட்க மாட்டேன். சாம்பல் விழுந்த மேய்ச்சல் காட்டில் புல் முளைத்துவிட்டதா? உப்புக்கட்டிக்கு இப்போது என்ன விலை கொடுக்கிறார்கள்? மழை உண்டா? இதற்கெல்லாம் பதில் கொண்டுவாருங்கள். நான் குறுக்கே பேசாமல் ‘ம்’ கொட்டுகிறேன்.

உங்களுக்கு முன்னால் அங்கே போய், ஒரு முதுகைப் படமெடுத்து வந்த
ஆண்டிபட்டிக்காரன்